நீதியைப் பற்றிய நூலில் இவ்வளவு பள்ளிக்கூடம் ஏன்? – பிளேட்டோவின் 'குடியரசு'

#1 வைகைக்கரை

பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் பத்துப் புத்தகங்களையும் இந்த முறை விடாமல் படித்து முடித்தேன். படிக்கும்போதே எழுந்த கேள்வியை இங்கே வைக்கிறேன்.

நீதி என்றால் என்ன என்று கேட்டுத்தான் நூல் தொடங்குகிறது. பிரேயஸ் துறைமுகத்தில், செஃபாலஸ் என்ற முதியவர் இருக்கும் வீட்டில் பேச்சு நடக்கிறது. உண்மை பேசுவதும் வாங்கியதைத் திருப்பித் தருவதும்தான் நீதி என்று அவர் சொல்கிறார். நல்ல நினைவோடு இருந்தபோது ஆயுதத்தைக் கொடுத்துவைத்த நண்பன், பித்துப் பிடித்த நிலையில் வந்து கேட்டால் கொடுக்கலாமா என்று பிளேட்டோவின் ஆசிரியரான சாக்ரடீஸ் கேட்கிறார்; நூல் முழுக்கப் பேச்சை நடத்துபவர் அவர்தான். அந்த விளக்கம் அதோடு விழுந்துவிடுகிறது. மகன் பொலிமார்க்கஸ், நண்பனுக்கு நன்மையும் பகைவனுக்குத் தீமையும் செய்வது நீதி என்கிறார். அடுத்து சொற்கலை ஆசிரியர் திராசிமாக்கஸ் பாய்ந்து வந்து, வலியவனுக்கு எது ஆதாயமோ அதுவே நீதி என்று அடித்துச் சொல்கிறார்.

இரண்டாம் புத்தகத்தில் பிளேட்டோவின் அண்ணன் கிளாக்கன் மோதிரக் கதையைக் கொண்டுவருகிறார். லிடியா நாட்டு இடையன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதன் குமிழை உள்பக்கம் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டான். அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, ஆட்சியையே பிடித்துவிடுகிறான். பிடிபடாமல் தப்பு செய்யலாம் என்றால் எவன் நேர்மையாக இருப்பான்?

இதற்குப் பதில் சொல்ல வரும் சாக்ரடீஸ், கற்பனையில் ஒரு நகரத்தைக் கட்டத் தொடங்குகிறார். கொஞ்ச தூரம் போனதும் குழந்தைகளுக்கு எந்தக் கதை சொல்லலாம், எந்த இசையைக் கேட்க விடலாம், உடற்பயிற்சி எப்போது என்று பாடத்திட்டத்துக்குள் இறங்கிவிடுகிறார். 3ஆம் புத்தகத்தில் பெரும்பகுதி அதுதான். 7ஆம் புத்தகம் கிட்டத்தட்ட முழுக்க அதுதான். நீதிமன்றம், தண்டனை பற்றிய பேச்சு மிகக் குறைவு.

என் எண்ணம் இது. மோதிரம் போட்டவனைச் சட்டத்தால் பிடிக்க முடியாது. தடை அவனுக்குள்ளேயே இருந்தால்தான் உண்டு. அதைச் சின்ன வயதிலேயே வளர்க்க வேண்டும். ஆகவே கிளாக்கனுக்குப் பிளேட்டோ தரும் பதில் கல்விதான். அதுவரை எனக்குச் சம்மதம். ஆனால் அந்தக் கல்வி யாருக்குக் கிடைக்கிறது என்று பார்த்தால் மனம் ஒப்பவில்லை. அதைப் பேசலாமா?

#2 அரசறிவியல் மாணவி

நல்ல கேள்வி. எங்கள் வகுப்பில் "அவரவர் தமக்குரிய வேலையைச் செய்வதும் பிறர் வேலையில் தலையிடாமல் இருப்பதும்தான் பிளேட்டோவின் நீதி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஆள்வோர், காவல் வீரர், உற்பத்தி செய்வோர் என்று மூன்று பிரிவு. மனத்திலும் அறிவு, வீரம், ஆசை என்று மூன்று பகுதி. அது புரிகிறது. கல்வி எதற்கு அவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. ஏதென்ஸில் அப்போது அரசுப் பள்ளிகள் இருந்தனவா?

#3 பழம்பதிப்பு

இல்லை அம்மா. பிளேட்டோ காலத்து ஏதென்ஸில் படிப்பு குடும்பத்தின் செலவு. எழுத்து கற்பிக்க ஒருவர், யாழ் வாசிக்க ஒருவர், மற்போருக்கு ஒருவர் என்று தகப்பன் பணம் கொடுத்து ஏற்பாடு செய்வார். பையனைக் கூட்டிக்கொண்டு போய் வருவதற்கு வீட்டு அடிமை ஒருவர். போரில் இறந்தவர்களின் பிள்ளைகளை மட்டும் வயது வரும்வரை நகரமே வளர்த்தது. ஸ்பார்ட்டாவில் நேர்மாறு. அங்கே ஏழு வயதில் பையனை அரசு எடுத்துக்கொள்ளும்.

இதைவிட முக்கியம் அந்தக் காலத்து அரசியல். கி.மு. 404இல் ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் தோற்றது. வென்றவர்களின் துணையோடு முப்பதின்மர் ஆட்சி வந்தது. அவர்கள் கொன்றவர்கள் 1500க்குக் குறையாது என்று அரிஸ்டாட்டிலின் பெயரில் வந்திருக்கும் 'ஏதென்ஸ் அரசமைப்பு' நூல் சொல்கிறது. அந்த ஆட்சியின் தலைவர்களில் முன்னால் நின்றவர் கிரிட்டியாஸ். அவர் பிளேட்டோவின் தாய்வழி உறவினர். கவிதை எழுதியவர், சாக்ரடீஸோடு பழகியவர். நகரத்தின் மிக நன்றாகப் படித்த மனிதர்களில் ஒருவர்தான் கொலைகாரரானார். அந்த ஆட்சியில் பங்கெடுத்த சார்மிடிஸ், பிளேட்டோவுக்குத் தாய்மாமன்.

இப்போது முதல் புத்தகத்தைத் திரும்பப் பாருங்கள். செஃபாலஸ் சிராக்கூஸிலிருந்து வந்து குடியேறியவர், குடியுரிமை இல்லாதவர். கேடயப் பட்டறை நடத்திய குடும்பம். நீதியைப் பற்றி அங்கே பேசுகிற பொலிமார்க்கஸை முப்பதின்மர் விசாரணையே இல்லாமல் நஞ்சு குடிக்க வைத்துக் கொன்றார்கள், சொத்தையும் பறித்தார்கள். தம்பி லிசியாஸ் தப்பித்தார். அண்ணனின் கொலைக்காகப் பிறகு அவர் நீதிமன்றத்தில் பேசிய உரை இன்றும் நம் கையில் இருக்கிறது. பிளேட்டோவின் முதல் வாசகர்களுக்கு இதெல்லாம் தெரியும். வலியவனின் ஆதாயமே நீதி என்று அந்த வீட்டில் ஒருவர் சொல்லும்போது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஜனநாயகம் திரும்பி வந்த பிறகு, கி.மு. 399இல், அதே நகரம் சாக்ரடீஸைக் கொன்றது. குற்றச்சாட்டில் ஒன்று இளைஞர்களைக் கெடுத்தார் என்பது. அதாவது கல்விக் குற்றம். முப்பது வாக்குகள் மாறியிருந்தால் விடுதலை. எனவே பிளேட்டோவின் நெஞ்சில் நீதியும் கல்வியும் தனித்தனியாக இருந்திருக்கவே முடியாது என்று நான் நினைக்கிறேன்.

#4 வழக்காடி

பிளேட்டோவிலேயே நிற்காமல் செனஃபனையும் சேர்க்கலாம். அவரும் சாக்ரடீஸோடு பழகியவர். 'சைரஸின் கல்வி' என்ற அவருடைய நூலில், கிரேக்கப் பிள்ளைகள் எழுத்துப் படிக்கப் போவதுபோல் பாரசீகப் பிள்ளைகள் நீதி படிக்கப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று எழுதுகிறார். உண்மையான பாரசீகம் அப்படி இருந்ததா என்பதல்ல இங்கே பேச்சு. ஒரு கிரேக்கர் கற்பனை செய்த பள்ளி என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பின்னாளில் பாரசீகப் பேரரசனான சைரஸ், சிறுவனாக இருந்தபோது மேதிய நாட்டில் தாத்தா வீட்டில் தங்க ஆசைப்படுகிறான். இங்கே இருந்தால் நீதியை எப்படிக் கற்பாய் என்று தாய் மந்தானே கேட்கிறாள். அதெல்லாம் எனக்கு முன்பே தெரியும், என்னையே மற்றப் பிள்ளைகளுக்கு நீதிபதியாக வைத்திருந்தார்கள், ஒரே ஒரு வழக்கில்தான் அடி வாங்கினேன் என்று அவன் அந்த வழக்கைச் சொல்கிறான். பெரிய பையனிடம் சின்ன அங்கி. சின்னப் பையனிடம் பெரிய அங்கி. பெரியவன் சின்னவனின் அங்கியை உருவித் தான் போட்டுக்கொண்டு, தன்னுடையதை அவனுக்கு மாட்டிவிட்டான். அளவு இருவருக்கும் சரியாகப் பொருந்துகிறது, இப்படியே இருக்கட்டும் என்று சைரஸ் தீர்ப்புச் சொன்னான். ஆசிரியர் அடித்தார். உன்னிடம் கேட்டது எது யாருக்குப் பொருந்தும் என்பதை அல்ல; அங்கி யாருடையது, பலவந்தமாகப் பறித்தவன் வைத்துக்கொள்ளலாமா என்பதைத்தான் என்றார்.

நான் சட்டம் படித்தபோது கேட்டிருக்க வேண்டிய கதை. நீதிமன்றத்தில் தினமும் நடப்பது இதுதான்: "அவருக்குத்தான் அதிகம் பயன்படும்" என்பதும் "அது அவருடையது அல்ல" என்பதும் மோதுகின்றன.

#5 அரசறிவியல் மாணவி

எனக்குச் சைரஸின் தீர்ப்புதான் சரி என்று படுகிறது. இரண்டு பேருக்கும் பொருத்தமான உடை கிடைத்துவிட்டதே! சின்னவனுக்கு இதில் என்ன நஷ்டம்?

#6 வைகைக்கரை

> சின்னவனுக்கு இதில் என்ன நஷ்டம்?

அவனை யாரும் கேட்கவில்லை. அதுதான் நஷ்டம்.

வழக்காடி ஐயா, இந்தக் கதை என் தயக்கத்தை எனக்கே தெளிவாக்கிவிட்டது. பிளேட்டோவின் நகரம் சைரஸின் முதல் தீர்ப்பின்படி அமைந்த நகரம். ஒவ்வொருவரின் இயல்புக்கும் எந்த வேலை பொருந்துமோ அதை அவருக்கு மாட்டிவிடுகிறார்கள். அளந்து பார்ப்பவர்கள் ஆள்வோர். பொருத்தம் சரியாகவே இருந்தாலும், போட்டுக்கொள்பவனின் சம்மதம் அதில் எங்கே வருகிறது? உங்கள் தன்மையில் பொன் கலந்திருக்கிறது, வெள்ளி கலந்திருக்கிறது, இரும்பும் வெண்கலமும் கலந்திருக்கின்றன என்று ஒரு கதையைச் சொல்லி எல்லாரையும் நம்பவைக்க வேண்டும் என்று 3ஆம் புத்தகத்தின் கடைசியில் சாக்ரடீஸே முன்மொழிகிறார். பொய் என்று தெரிந்தே சொல்கிறார். உண்மையைத் தேடுவதற்காக உயிரை விட்ட மனிதரின் வாயில் பிளேட்டோ இதை வைத்திருப்பது எனக்கு வலிக்கிறது.

#7 கணக்கு டீச்சர்

நான் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். அதனால் 7ஆம் புத்தகத்தை வேறு கண்ணோடு படித்தேன். குகைக் கதை எல்லாருக்கும் தெரியும்: குகைச் சுவரில் விழும் நிழல்களையே உண்மை என்று நம்பிக் கிடந்த கைதி வெளியே வந்து சூரியனைப் பார்க்கும் கதை. அதற்கு அடுத்து வரும் வரிகளை நிறையப் பேர் கவனிப்பதில்லை. குருட்டுக் கண்ணுக்குள் பார்வையைக் கொண்டுபோய் வைப்பதுபோல் அறிவை உள்ளே வைக்கிறோம் என்று சிலர் சொல்லிக்கொள்கிறார்கள், கல்வி அப்படிப்பட்டதல்ல என்கிறார் சாக்ரடீஸ். பார்க்கும் ஆற்றல் ஒவ்வொருவரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. தவறான பக்கம் திரும்பியிருக்கிறது. முழு மனத்தையும் சேர்த்துத் திருப்புவதுதான் ஆசிரியரின் வேலை என்கிறார்.

"ஒவ்வொருவரிடமும்" என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'மீனோ' உரையாடலில் இதைச் செய்தே காட்டுகிறார். மீனோவின் வீட்டில் பிறந்த அடிமைச் சிறுவன், கணிதமே படிக்காதவன். இரண்டடிப் பக்கமுள்ள சதுரத்தை மணலில் வரைந்து, இதைப்போல் இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். நான்கு அடி என்கிறான் பையன். அப்படியானால் பரப்பு பதினாறு; நமக்கு வேண்டியது எட்டுதான். மூன்று அடி என்கிறான். ஒன்பது வருகிறது. தெரியாது என்று திகைத்து நிற்கிறான். அந்தத் திகைப்பு அவனுக்கு நல்லது செய்தது என்று சாக்ரடீஸ் மீனோவிடம் சொல்லிவிட்டு, மீண்டும் கேள்விகளாகவே கேட்டுக்கொண்டு போகிறார். மூலைவிட்டத்தின் மேல் வரையும் சதுரம்தான் விடை என்று பையன் கண்டுகொள்கிறான். வகுப்பில் இதே கணக்கை இதே வரிசையில் செய்துபாருங்கள். பிள்ளைகளும் முதலில் நான்கு என்பார்கள், அப்புறம் மூன்று என்பார்கள்.

அடிமைச் சிறுவனால் வடிவியல் முடியும் என்று இவ்வளவு தெளிவாகக் காட்டியவர், 'குடியரசு' எழுதும்போது எண்கணிதம், தள வடிவியல், திண்ம வடிவியல், வானியல், இசையியல் என்ற ஐந்து பாடங்களையும் ஆளப்போகிறவர்களுக்கு மட்டும் வைத்துவிட்டார். இருபது வயதில் பொறுக்கியெடுத்து, முப்பது வரை கணிதம், பிறகு ஐந்தாண்டு தர்க்க விசாரணை, அதன் பின் பதினைந்தாண்டு நிர்வாக வேலை. ஐம்பதில்தான் ஆளும் தகுதி. உழவனின் மகளுக்கு இதில் எந்த வகுப்பும் இல்லை. மற்றபடி, கட்டாயத்தால் ஏற்றிய பாடம் மனத்தில் நிற்காது, விளையாட்டாகக் கற்பியுங்கள் என்று அதே புத்தகத்தில் சொல்கிறார். அதை எழுதியதற்காக அவரை வணங்குகிறேன்.

#8 மேலைக்காற்று

பிளேட்டோவுக்காக ஒருவர் பேச வேண்டும், நான் பேசுகிறேன்.

முதலாவது, பிறப்பை வைத்து அவர் ஆளைப் பூட்டிவைக்கவில்லை. பொன் பெற்றோருக்கு வெண்கலப் பிள்ளை பிறந்தால் இரக்கம் பார்க்காமல் கீழே இறக்குங்கள், வெண்கலப் பெற்றோருக்குப் பொன் பிள்ளை பிறந்தால் மேலே ஏற்றுங்கள் என்று அதே உலோகக் கதையில் இருக்கிறது. இரண்டாவது, 5ஆம் புத்தகம். காவலர் வகுப்பில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே கல்வி, ஒரே வேலை. ஏதென்ஸில் குடிமகனின் மனைவி வீட்டை விட்டு வெளியே வருவதே அரிது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதியிருக்கிறார். அவருடைய கல்விக்கழகத்தில் லாஸ்தேனியா, அக்சியோத்தியா என்று இரண்டு பெண்கள் படித்ததாக, தத்துவ அறிஞர்களின் வாழ்க்கையைப் பிற்காலத்தில் எழுதிய டயோஜனிஸ் லேர்ஷியஸ் பதிவு செய்கிறார். மூன்றாவது, ஆள்வோருக்குச் சொத்து கிடையாது, பொன் வெள்ளியைத் தொடவே கூடாது, வீடும் தனியாகக் கிடையாது. அதிகாரமும் பணமும் ஒரே கையில் சேரக் கூடாது என்று இவ்வளவு கண்டிப்பாகச் சொன்னவர் அவருக்கு முன் யார்?

சம்மதம் கேட்கவில்லை என்கிறீர்கள். முப்பதின்மரையும் பார்த்து, சாக்ரடீஸைக் கொன்ற நீதிமன்றத்தையும் பார்த்த மனிதருக்கு, பலர் சம்மதித்துவிட்டார்கள் என்பதாலேயே ஒன்று நீதியாகிவிடாது.

#9 வைகைக்கரை

பெண்களைப் பற்றியும் சொத்தைப் பற்றியும் நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. 5ஆம் புத்தகத்தைப் படித்தபோது எழுந்து நின்றுவிடலாம்போல் இருந்தது.

வெண்கலப் பெற்றோரின் பொன் பிள்ளையை மேலே ஏற்றுவது பற்றி மட்டும் கேட்கிறேன். அந்தப் பிள்ளைக்குள் பொன் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? காவலர் பிள்ளைகளுக்குச் சோதனை உண்டு. பயத்தில், ஆசையில், களைப்பில் உறுதி குலைகிறதா என்று சின்ன வயதிலிருந்தே கவனிக்கிறார்கள். இதெல்லாம் இசையும் உடற்பயிற்சியும் கொடுத்து வளர்க்கும்போது நடப்பது. குயவன் வீட்டுப் பிள்ளையை யார் கவனிக்கிறார்கள்? கேள்வி கேட்க ஒரு சாக்ரடீஸ் வந்ததால்தான் மீனோவின் அடிமைப் பையனால் மூலைவிட்டத்தைக் காண முடிந்தது. வரவில்லை என்றால் அவன் வெறும் வேலைக்காரப் பையன். கல்வி கொடுக்காமலே தகுதியை அளந்தால், முன்பே எடுத்துவிட்ட முடிவுதான் அளவு என்ற பெயரில் திரும்பி வரும்.

#10 பழம்பதிப்பு

இந்த ஓட்டையை முதலில் கண்டவர் பிளேட்டோவின் மாணவரே. அரிஸ்டாட்டில் பதினேழு வயதில், கி.மு. 367இல், கல்விக்கழகத்துக்கு வந்து இருபது ஆண்டு இருந்தவர். 'அரசியல்' 2ஆம் புத்தகத்தில் அவர் வைக்கும் குறை இதுதான்: குடிமக்களில் பெரும்பாலோர் உழவரும் கைவினைஞரும், அவர்களுக்கு என்ன கல்வி, என்ன சட்டம், அவர்களுக்குச் சொத்து பொதுவா தனியா என்று சாக்ரடீஸ் சொல்லவே இல்லை. இப்படியே விட்டால் ஒரே நகரத்துக்குள் ஒன்றையொன்று எதிர்க்கும் இரண்டு நகரங்கள் உண்டாகிவிடும் என்கிறார். பணக்காரர் நகரம், ஏழையர் நகரம் என்று ஊர் இரண்டாகப் பிளந்து கிடப்பதைப் பிளேட்டோ கண்டித்திருந்தார் அல்லவா? அதையே திருப்பி அவர் மேல் வைக்கிறார்.

8ஆம் புத்தகத்தில் அரிஸ்டாட்டில் நேராகச் சொல்வது: நகரத்தின் குறிக்கோள் ஒன்றே, ஆகவே கல்வியும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், அதைப் பொது நிர்வாகம் பார்த்துக்கொள்ள வேண்டும், இன்றுபோல் ஒவ்வொரு தகப்பனும் தன் பிள்ளைக்குத் தனியாக நடத்தக் கூடாது. ஸ்பார்ட்டாவின் பொதுக் கல்வியை அந்த அளவில் பாராட்டுகிறார். உடல் வருத்தத்திலேயே பிள்ளைகளை விலங்காக்குகிறார்கள் என்று சில பக்கம் தள்ளிக் கண்டிக்கவும் செய்கிறார்.

ஆனால் "எல்லாரும்" யார்? 7ஆம் புத்தகத்தின் சிறந்த நகரத்தில் கைவினைஞரும் வணிகரும் குடிமக்களே அல்லர். நிலத்தை உழுவோர் அடிமைகளாக இருப்பதே நல்லது என்கிறார். முதல் புத்தகத்திலோ சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்று வாதாடியிருக்கிறார். ஆசிரியரின் ஓட்டையைச் சரியாகக் காட்டிவிட்டு, அதே ஆட்களைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார். பிளேட்டோவின் நகரத்தில் உழவன் பாடம் இல்லாத குடிமகன். அரிஸ்டாட்டிலின் நகரத்தில் அவன் குடிமகனே இல்லை.

#11 வழக்காடி

அரிஸ்டாட்டிலிடமே இதற்கு மருந்தும் இருக்கிறது. 'அரசியல்' 3ஆம் புத்தகத்தில் குழல் பற்றிய பகுதியைப் பாருங்கள். நல்ல குழல்களை யாருக்குக் கொடுப்பது? உயர்ந்த குடியில் பிறந்தவனுக்கா, அழகனுக்கா? நன்றாக ஊதத் தெரிந்தவனுக்கு. பங்கிடும்போது எந்தத் தகுதி அந்தப் பொருளுக்குத் தொடர்புடையதோ அதை மட்டுமே பார்க்க வேண்டும்.

சரி. ஊதக் கற்றுக்கொடுத்த பிறகுதானே யார் நன்றாக ஊதுவார் என்று தெரியும்? 'அறவியல்' 2ஆம் புத்தகத்தில் அவரே சொல்கிறார்: யாழ் வாசித்தே யாழ்க் கலைஞராகிறோம், நீதியான செயல்களைச் செய்தே நீதியுள்ளவர்களாகிறோம். இரண்டையும் சேர்த்துப் படித்தால், பயிற்சிக்கு வாய்ப்புத் தராமல் தகுதி இல்லை என்று ஒதுக்குவது அவருடைய கோட்பாட்டின்படியே அநீதி. அவர் அந்தக் கோட்டைக் கடைசி வரை இழுக்கவில்லை. நாம் இழுக்கலாம்.

#12 மேலைக்காற்று

இன்னொன்றையும் பேச வேண்டும். கேள்வி கேட்கும் உரிமை. முப்பதின்மர் ஆட்சியில் சொற்கலையைக் கற்பிக்கக் கூடாது என்று கிரிட்டியாஸ் சட்டம் போட்டார். முப்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களோடு பேசாதே என்று சாக்ரடீஸுக்கு நேரில் உத்தரவிட்டார்கள் என்று செனஃபன் 'நினைவுகள்' நூலில் எழுதுகிறார். 'குடியரசு' 7ஆம் புத்தகத்திலும் முப்பது வயதுக்கு முன் தர்க்க விசாரணை கூடாது! இளைஞர்கள் நாய்க்குட்டிகள்போல் கிடைத்த கருத்தையெல்லாம் கடித்துக் குதறுவார்கள், கடைசியில் எதையும் நம்பாமல் போவார்கள் என்பது காரணம்.

நான் பிளேட்டோவின் பக்கம் நிற்பவன். ஆனாலும் இந்த இடத்தைக் கடக்க முடியவில்லை. சாக்ரடீஸ் சந்தையில் நின்று இளைஞர்களோடுதான் பேசினார். பிளேட்டோவின் நகரத்தில் அவர் அப்படிப் பேச முடியாது.

#13 கணக்கு டீச்சர்

அப்படியானால் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் புரோட்டகோரஸையும் கேட்போம். ஊர் ஊராகப் போய்ப் பணம் வாங்கிக் கற்பித்த ஆசிரியர் அவர். பிளேட்டோ தன் எதிராளிக்கு எழுதிக்கொடுத்த மிகச் சிறந்த உரை அது. 'புரோட்டகோரஸ்' உரையாடலில் இருக்கிறது. மனிதர்கள் ஒருவருக்கொருவர் தீங்கு செய்து அழியும் நிலைக்கு வந்தபோது, நாணத்தையும் நீதியையும் கொடுத்துத் தன் தூதர் ஹெர்மஸை அனுப்புகிறார் தேவர்களின் தலைவர் ஸீயஸ். மருத்துவம்போல் சிலருக்கு மட்டும் கொடுக்கட்டுமா, எல்லாருக்குமா என்று ஹெர்மஸ் கேட்கிறார். எல்லாருக்கும் கொடு, சிலரிடம் மட்டும் இருந்தால் நகரங்களே உண்டாகாது என்கிறார் ஸீயஸ். அதனால்தான் ஏதென்ஸ் மக்கள் கப்பல் கட்டுவதென்றால் தச்சனைக் கேட்கிறார்கள், ஊர் நிர்வாகம் என்றால் செருப்புத் தைப்பவரும் எழுந்து பேசலாம் என்று விடுகிறார்கள்.

கொடுத்ததோடு முடிந்துவிடவில்லை, கற்பிக்கவும் வேண்டும் என்கிறார். தாய், செவிலி, ஆசிரியர், சட்டம் என்று எல்லாரும் சேர்ந்து கற்பிக்கிறார்கள். கிரேக்க மொழியை யார் கற்பித்தார் என்று தனியாக ஒருவரைக் காட்ட முடியாததுபோல் இதிலும் காட்ட முடியாது. தண்டனையைக்கூட இதில் சேர்க்கிறார். நடந்தது நடந்துவிட்டது, பழிவாங்கி என்ன பயன், இனி அவனும் பார்ப்பவர்களும் அதைச் செய்யாமலிருக்கத்தான் தண்டனை என்கிறார். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு மனிதர் வாயில் இந்த வாதம்.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. எல்லாரும் கற்பிக்கிறார்கள் என்றால், ஊரே தவறாகக் கற்பிக்கும்போது என்ன செய்வது? சாக்ரடீஸ் மீதான வழக்கில் குற்றம் சாட்டிய மெலிட்டஸ் சொன்னதும் இதுவேதான்: நீதிபதிகள், சபையினர், ஏதென்ஸ்காரர் எல்லாரும் இளைஞரை நல்வழிப்படுத்துகிறார்கள், நீ ஒருவன்தான் கெடுக்கிறாய்.

#14 அரசறிவியல் மாணவி

அப்படியானால் பிளேட்டோ கடைசி வரை மாறவே இல்லையா? 'சட்டங்கள்' நூலில் எல்லாருக்கும் கட்டாயக் கல்வி சொல்கிறார் என்று எங்கோ படித்தேன்.

#15 பழம்பதிப்பு

மாறினார், ஓரளவு. 'சட்டங்கள்' அவருடைய கடைசிக் காலத்து நூல். கிரீட் தீவில் நொசோஸிலிருந்து ஸீயஸின் குகைக்கு நடந்து போகும் மூன்று முதியவர்கள் பேசுகிறார்கள். சாக்ரடீஸ் அதில் இல்லை. 5040 குடும்பங்கள் உள்ள ஒரு புது நகரம். அங்கே பிள்ளைகள் பெற்றோருக்குச் சொந்தம் என்பதைவிட நகரத்துக்கே அதிகம் சொந்தம், ஆகவே தகப்பன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஆணும் பெண்ணும் படித்தே தீர வேண்டும். நகரத்தின் பதவிகளிலேயே உயர்ந்தது கல்வி அதிகாரியின் பதவி. எகிப்தில் செய்வதுபோல் பழங்களையும் மாலைகளையும் பங்கிட்டு விளையாட்டாகக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள் என்கிறார். நம் கணக்கு டீச்சருக்குப் பிடிக்கும்.

வைகைக்கரையின் சம்மதக் கேள்விக்கும் அங்கே ஒரு பதில் இருக்கிறது. அடிமைகளுக்கு வைத்தியம் பார்க்கும் அடிமை வைத்தியர் காரணம் சொல்லாமல் மருந்தைக் கொடுத்துவிட்டு ஓடுவார். சுதந்திர மனிதருக்கு வைத்தியம் பார்ப்பவர் நோயாளியோடு பேசி, நோயை விளக்கி, சம்மதிக்க வைத்த பிறகே மருந்து கொடுப்பார். சட்டம் இரண்டாமவரைப்போல் இருக்க வேண்டும், ஒவ்வொரு சட்டத்துக்கும் முன்னால் அதன் காரணத்தை விளக்கும் முன்னுரை வேண்டும் என்கிறார்.

ஆனால் அந்த நகரத்திலும் கைத்தொழில் குடிமக்களுக்கு விலக்கு. அது வெளியூரார் வேலை. நிலத்தில் உழைப்போர் அடிமைகள். அவர்களுக்கு முன்னுரையும் இல்லை, பள்ளியும் இல்லை.

#16 வைகைக்கரை

நன்றி ஐயா. வைத்தியர் பகுதி 4ஆம் புத்தகத்தில் என்று பார்த்துக்கொண்டேன். இன்றிரவு அங்கிருந்து தொடங்குகிறேன். சைரஸின் அங்கி வழக்கையும் இந்த வைத்தியர் பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். மாணவி, நீங்கள் முயன்று பாருங்களேன். சின்னப் பையனுக்காக வாதாட வழக்காடி ஐயா இருக்கிறார், பெரியவனுக்காக வாதாட மேலைக்காற்று இருக்கிறார்.